ஹம்பியில் தங்கிப்போனவர்கள்

நாளொன்றுக்கு இரண்டு ஆடு, நான்கு ஜோடிக் கோழி, ஐந்து மணங்கு அரிசி, ஒரு மணங்கு வெண்ணெய், ஒரு மணங்கு சர்க்கரை. கூடவே இரண்டு வராகன் பொன். 1443-இல் விஜயநகரத்துக்கு, அதாவது இன்றைய ஹம்பிக்கு, வந்த அப்துர் ரஸ்ஸாக் என்ற தூதருக்கு இரண்டாம் தேவராயரின் அரண்மனை தினமும் அளந்த படி இது. ஹெராத்திலிருந்து ஆண்ட ஷாருக்கின் ஆள் அவர். கப்பலேறிக் கோழிக்கோட்டுக்கு வந்தார், அந்த ஊர் அவருக்கு ஒத்துவரவில்லை. ராயரிடமிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும் மங்களூர் வழியாக மலையேறி இங்கே வந்து சேர்ந்தார். தங்குவதற்குத் தனி வீடு. வாரத்தில் இரண்டு மாலை ராயரைப் பார்க்கப் போனால் வெற்றிலை, பணமுடிப்பு, கற்பூரம்.

ஹம்பிக்குப் பக்கத்துக் கமலாபுரத்துக்கு வெளியே வாழைத்தோட்டத்தை ஒட்டியிருக்கும் ஹாஸ்டலில் எனக்குக் கிடைத்தது அடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டு, ஒரு போர்வை, கதவு மட்டும் இருக்கிற ஒரு லாக்கர். பூட்டை நாமே கொண்டுபோக வேண்டுமாம். காலையில் அவல் உப்புமா இலவசம். பொதுப்பணித் துறையில் நீர்ப்பாசனப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவன் நான். எங்கே போனாலும் ஆய்வு மாளிகையில் அறை, வாசலில் ஜீப் என்று பழகிய உடம்பு. முதுகுப்பையோடு வந்து நின்றவனைப் பார்த்து வரவேற்பு மேசையில் இருந்த பையன், "அங்கிள், தனி ரூம் போட்டுத் தரட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டான். வேண்டாம் என்றேன். இளசுகளோடு ஒரே அறையில் படுத்தால்தான் ஊர்க்கதை நாலு காதில் விழும்.

ரஸ்ஸாக்கின் கதை அத்தோடு முடியவில்லை. அரசாங்க விருந்தாளியாக இருப்பதன் இன்னொரு பக்கத்தையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அமைச்சர் ஊரில் இல்லாத நேரத்தில் அந்த இடத்துக்கு வந்தவர் படியை நிறுத்திவிட்டார். ஓர்முஸிலிருந்து வந்திருந்த வணிகர்கள், இவர் தூதரே இல்லை, சும்மா வியாபாரி என்று கிளப்பிவிட்டார்கள். அதிகாரி மாறினால் கையெழுத்து மாறும், கையெழுத்து மாறினால் பில் நிற்கும். அலுவலகத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஹம்பியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படித் தங்கிப்போனவர்கள் எழுதியதுதான். கல்வெட்டு யார் எந்தக் கோயிலுக்கு என்ன நிலம் விட்டார் என்று சொல்லும். சாயங்காலச் சந்தையில் எலுமிச்சையும் நாரத்தையும் திராட்சையும் விறகும் விற்றதைக் கல்வெட்டு சொல்லாது. அதைச் சொன்னவர் தொமிங்கோ பயஸ் என்ற போர்த்துகீசியர். 1520-ஐ ஒட்டி, கிருஷ்ணதேவராயர் காலத்தில், குதிரை கொண்டுவந்த கூட்டத்தோடு வந்தவர். வெள்ளிக்கிழமைச் சந்தையில் பன்றியும் கோழியும் கடல் கருவாடும் கிடைத்தது வரை அவர் குறித்திருக்கிறார். ஊர் ரோம் அளவு பெரிது என்பது அவர் கணக்கு. ராயரின் முகத்தில் அம்மைத்தழும்பு இருந்ததும் அவர் சொல்லித்தான் தெரியும். எங்கள் ஊர் சிதம்பரத்தில் வடக்குக் கோபுரத்து மாடத்தில் அதே ராயர் கைகூப்பி நிற்கிறார். சிற்பி தழும்பைச் செதுக்கவில்லை.

பயஸின் கூட்டம் வந்து இறங்கியதுமே ராயரிடமிருந்து ஆடும் கோழியும், குடம் குடமாக வெண்ணெயும் தேனும் வந்தன. கூட்டத்தலைவர் அவற்றைத் தன்னோடு வந்த காலாட்களுக்கே பங்கிட்டுக் கொடுத்துவிட்டார். ரஸ்ஸாக்குக்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு, வம்சமே மாறியாயிற்று. வந்தவனுக்கு முதலில் சோறு என்ற வழக்கம் மட்டும் மாறவில்லை.

இவ்வளவும் சொல்வது விருபாட்சர் கோயில் தெருவுக்கு வருவதற்காக. ஹம்பிக்குப் போகிற எல்லோரும் முதலில் நிற்கிற இடம் அது. கோயிலின் கிழக்குக் கோபுரத்திலிருந்து மாதங்க மலையடியில் இருக்கும் ஒற்றைக்கல் நந்தி வரை முக்கால் கிலோமீட்டர் நேர்த்தெரு. இரு பக்கமும் கல்தூண் மண்டபங்கள், சில இடங்களில் இரண்டடுக்கு. வாடகைச் சைக்கிளை நந்திக்குப் பக்கத்தில் சாத்திவிட்டு, வெயில் ஏறுமுன் அந்தத் தெருவை முழுவதும் நடந்தேன். தூண்கள் நேர்வரிசை பிசகாமல் நிற்கின்றன. பழைய வேலை என்றாலும் கண் தானாக மட்டம் பார்க்கிறது. ஒரு மண்டபத்துக்குள் நாய் படுத்திருந்தது. இன்னொன்றில் காவலாளி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மற்றபடி ஆளே இல்லை. விற்பனை என்று பார்த்தால் கோபுரத்தை ஒட்டித் தேங்காய் பழத் தட்டு.

இந்தத் தெருவைப் பயஸ் பார்த்திருக்கிறார். அழகான வீடுகள், மாடங்கள், தாழ்வாரங்கள். யாத்திரை வருகிறவர்கள் அந்தத் தாழ்வாரங்களில்தான் ஒதுங்கித் தங்குகிறார்கள், பெரிய மனிதர்கள் தங்கத் தனி வீடுகள் இருக்கின்றன, ராயர் கோயிலுக்கு வந்தால் தங்குவதற்கும் இதே தெருவில் ஓர் அரண்மனை. அவர் எழுதியதன் சாரம் இது. அதாவது, இன்றைக்கு நினைவுச்சின்னம் என்று பலகை மாட்டியிருக்கும் இந்தத் தெரு, கட்டிய நாளில் ஒரு சத்திரத் தெரு. மேல்தட்டுக்குத் தனி அறை, கீழ்த்தட்டுக்குத் தாழ்வாரம், நடுவில் கடை. என் ஹாஸ்டலின் ஏற்பாடும் ஏறக்குறைய இதுவேதான்.

1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போர். விஜயநகரத்துப் படையை நடத்திய ராமராயரின் தலை போயிற்று, சேதி வந்ததும் அரச குடும்பம் பொக்கிஷத்தோடு பெனுகொண்டாவுக்குப் போயிற்று. போரைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இரண்டு வருஷம் கழித்து வந்த ஒரு விருந்தாளியின் கதை. வெனிஸ் நகரத்து வியாபாரி, பெயர் செசாரே பெதரீச்சி. 1567-இல் வந்து ஏழு மாதம் இருந்தார். வழியெல்லாம் கள்ளர் பயம், அதனால் நினைத்த நேரத்துக்குக் கிளம்ப முடியாத நிலைமை. ஊர் முழுக்க இடிந்துவிடவில்லை, வீடுகள் அப்படியே நிற்கின்றன, ஆனால் காலி, உள்ளே புலி உலாவுவதாகச் சொல்கிறார்கள் என்று எழுதினார். ராமராயரின் தம்பி திருமலர் ஊரை மறுபடி எழுப்பப் பார்த்த காலம் அது. கோவாவிலிருந்து குதிரை வியாபாரிகளை அழைத்து, பழைய பாக்கியையும் தீர்ப்பதாகச் சொல்லி, குதிரைகளை வாங்கிக்கொண்டு ஒரு காசு தராமல் அனுப்பிவிட்டார். வந்தவனுக்கு வெண்ணெயும் தேனும் அனுப்பிய ஊர் நொடித்துப்போனதற்கு, இடிந்த மதிலைவிட இந்தக் கடன் பாக்கி எனக்குப் பெரிய அத்தாட்சியாகத் தெரிகிறது.

கோயில் பூசை மட்டும் நிற்கவில்லை. அதைச் சுற்றித்தான் ஊர் மறுபடி துளிர்த்தது. இருபதாம் நூற்றாண்டில் காலி மண்டபங்களில் குடும்பங்கள் குடிவந்தன. தூணுக்குத் தூண் செங்கல் சுவர் வைத்தார்கள், கதவு போட்டார்கள், பெட்டிக்கடை வந்தது. பின்னாலேயே நீள்முடி வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், குடியிருந்தவர்கள் மாடியில் கீற்று வேய்ந்து அறை வாடகைக்கு விட்டார்கள். யாத்திரிகன் படுத்த தாழ்வாரத்தில் மறுபடியும் யாத்திரிகன் படுத்தான். 1986-இல் யுனெஸ்கோ ஹம்பியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1999-இல், ஆனேகுந்திக்குப் போகும் பாலத்தைக் கட்ட ஆரம்பித்ததால், ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்து, 2006-இல் எடுத்தது. அந்தப் பாலம் 2009-இல் வேலை முடியுமுன்னே இடிந்து விழுந்தது தனிக்கதை. 2011 ஜூலைக் கடைசியில் புல்டோசர் கடைவீதிக்குள் வந்தது. முன்னூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியே போயின. அவர்களுக்குக் கத்திராம்புரத்தில் மனை ஒதுக்கினார்கள்.

ஆக்கிரமிப்பு அகற்றும் நோட்டீஸை வாய்க்கால் கரைக் குடிசைகளில் ஒட்டிய கை இது. எனவே அரசாங்கத் தரப்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஐந்நூறு வருஷக் கல்தூணில் துளை போட்டு பைப் இழுத்தார்கள். கூரையில் கான்கிரீட் ஏற்றினார்கள். கழிவுநீர் துங்கபத்திரையில் விழுந்தது. கல்லுக்கு அது கேடுதான். ஆனால் ஆக்கிரமிப்பு என்று எழுதுமுன் ஒரு கேள்வி கேட்போம்: அந்த இடத்தின் பதிவேட்டுப் பயன்பாடு என்ன? ஓடை என்றால் தண்ணீர் ஓட வேண்டும், பாதை என்றால் ஆள் நடக்க வேண்டும். இந்தத் தெருவின் பயன்பாடு விற்பதும் தங்குவதும். அதற்குப் பயஸ் சாட்சி. பைப்பையும் கான்கிரீட்டையும் அகற்றிவிட்டு ஆட்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கலாம் என்பது என் கட்சி. காலி மண்டபத்துக்குக் காவல் போட்டுச் சம்பளம் கொடுப்பதைவிட அது அதிகச் செலவு பிடித்திருக்காது.

இப்படி நான் சொல்வதற்குக் காரணம், அதே விஜயநகரத்து வேலை ஒன்று கூப்பிடு தூரத்தில் உயிரோடு இருக்கிறது. துருத்து வாய்க்கால். ஆற்றில் இயற்கையாகக் கிடக்கும் பாறைகளுக்கு இடையே கல்லை அடுக்கித் தண்ணீரைத் திருப்பி, கோயில் பகுதிக்கும் அரண்மனைப் பகுதிக்கும் நடுவிலிருக்கும் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவருகிறார்கள். வழிநெடுக வாழை, நெல், கரும்பு. ஹம்பிப் புகைப்படங்களில் பாறைக்குன்றுகளுக்கு நடுவே தெரியும் பச்சை எல்லாம் இந்தத் தண்ணீர் கொடுத்தது. மதியம் வெயிலுக்கு அதன் கரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஓட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரிவு அப்படியொன்றும் இல்லை, ஆனாலும் தண்ணீர் தயங்காமல் போகிறது. அடியில் வண்டல் கட்டாத வேகம், கரையை அரிக்காத வேகம், இரண்டுக்கும் நடுவில் பிடித்திருக்கிறான் கட்டியவன். இன்றைய லெவல் கருவி இல்லாத காலம். சில இடங்களில் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அதைப் பார்த்து எந்த யாத்திரிகனும் கண்ணீர் விடப் போவதில்லை. டிக்கெட் கிடையாது, வேலி கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. தூர்வாருகிறார்கள், மடை திறக்கிறார்கள், தண்ணீருக்கு முறை வைத்துச் சண்டை போடுகிறார்கள். ஆகவே இருக்கிறது.

விட்டலர் கோயில் கல்தேரை ஐம்பது ரூபாய் நோட்டிலேயே பார்க்கலாம். அங்கே உள்ள கூட்டத்துக்கு அதுவே மேல். நான் போன வேகத்தில் திரும்பிவிட்டேன். நுழைவுச்சீட்டு நான் போனபோது நம்மவர்களுக்கு நாற்பது ரூபாய், வெளிநாட்டவருக்கு அறுநூறு. நீண்ட நேரம் நின்றது அரண்மனை வட்டாரத்துப் படிக்குளத்தின் ஓரம். 1980-களில் தோண்டியெடுத்தது. கருங்கல்லிலும் கருமையான, வழுவழுப்பான கல், கணித நோட்டில் போட்ட படம்போல் அடுக்கு அடுக்காக இறங்குகிறது. வேலிக்கு வெளியே குனிந்து பார்த்தால் கற்களில் சின்னச் சின்னக் குறிகள். எந்தத் திசை, எத்தனையாவது வரிசை, வரிசையில் எந்த இடம் என்று கொத்தர் வெட்டி வைத்தது. வேறெங்கோ செதுக்கி, குறி போட்டு, இங்கே கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள் என்பார்கள். தளத்தில் வந்து அளவு பார்க்கும் எங்கள் ஒப்பந்தக்காரர்கள் இதை வந்து பார்க்க வேண்டும். பக்கத்திலேயே கல்தூண்மேல் கல்தொட்டிகளைக் கோத்துத் தண்ணீர் கொண்டுபோன கால்வாய் நிற்கிறது. தொட்டிக்குத் தொட்டி இணைப்பில் விரலை வைத்துப் பார்த்தேன், நகம்தான் நுழைகிறது.

சாலையோரம் ஒரு சிறு ஓடை. அதன் இரு கரையிலும் வரிசையாகக் கல்தட்டுகள் பதித்திருக்கின்றன. பச்சைச் சாயல் கொண்ட பலகைக்கல்லைத் தட்டாகவே செதுக்கியிருக்கிறார்கள். நடுவில் சோற்றுக்கு ஒரு பெரிய பள்ளம், சுற்றிலும் குழம்புக்கும் கறிக்கும் சின்னச் சின்னக் குழிகள். நடுவில் ஓடுகிற தண்ணீரிலேயே கையையும் தட்டையும் கழுவிக்கொள்ளலாம். போஜனசாலை என்கிறார்கள். படைவீரர்களுக்கா, காவலர்களுக்கா, திருவிழா நாளில் வந்தவர்களுக்கா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். குழிகளை எண்ணிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தி இலைக்கு ஒன்றிரண்டுதான் குறைவு.

ராத்திரி ஹாஸ்டல் மொட்டைமாடியில் பாய் விரித்துச் சபை கூடியது. புணேயிலிருந்து ஐ.டி. பையன், ஜெர்மனியிலிருந்து கட்டடக்கலை படிக்கும் பெண், இஸ்ரேலிலிருந்து ராணுவச் சேவை முடித்த கையோடு வந்திருந்த ஒருவன். ஊனோ சீட்டாட்டம் ஆடினார்கள், எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஹம்பி ஊருக்குள் கோயில் காரணமாக மதுவும் இறைச்சியும் கிடையாது என்று பையன் அலுத்துக்கொண்டான். ரஸ்ஸாக்குக்கு வந்த நான்கு ஜோடிக் கோழியைப் பற்றிச் சொன்னேன். "தினமுமா அங்கிள்?" என்று வாயைப் பிளந்தான்.

இஸ்ரேல்காரன் தன் அண்ணன் அனுப்பிய பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் ஒரு விடுதியைத் தேடியிருக்கிறான். கிடைக்கவில்லை. கிடைக்காது. விருபாபுர கட்டே என்ற அந்தத் தீவில் ஹீப்ரு எழுத்தில் மெனு எழுதிவைத்த விடுதிகள் வரிசையாக இருந்தன. 1961-ஆம் வருஷத்துத் தொல்சின்னச் சட்டத்துக்கு மாறாகக் கட்டியவை என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது, அடுத்த மாதமே இடித்தார்கள். இப்போது விடுதிகள் சாணாபுரம், ஆனேகுந்தி, கமலாபுரம் என்று வெளிவட்டத்துக்கு நகர்ந்துவிட்டன. பழைய நகரத்துக்கு ஏழு சுற்று மதில் என்று ரஸ்ஸாக் எழுதினார். விருந்தாளிகள் ஒவ்வொரு சுற்றாக வெளியே தள்ளப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஜெர்மன் பெண் ஜான் பிரிட்ஸ், ஜார்ஜ் மிச்செல் எழுதியவற்றைப் படித்துவிட்டு வந்திருந்தாள். அந்த இருவரும் 1980 தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் குளிர்காலந்தோறும் இங்கே வந்து முகாம் போட்டு, பல நாட்டு மாணவர்களைக் கூட்டிவைத்து, பாறைக்குப் பாறை அளந்து வரைபடம் போட்டவர்கள். இன்று நாம் கையில் வைத்திருக்கும் வரைபடத்துக்கு அடிப்படை அவர்கள் போட்டது. "அரண்மனை தெரிகிறது, கோயில் தெரிகிறது. ஜனங்கள் எங்கே குடியிருந்தார்கள்?" என்று கேட்டாள். மண் சுவர், ஓலைக்கூரை, அது எப்படி நிற்கும் என்றேன். கல்லில் கட்டிக்கொண்ட தெய்வமும் ராஜாவும் மட்டும் தங்கினார்கள்.

அப்போது ஹாஸ்டலில் சமைக்கும் அம்மா காபி டம்ளர்களோடு மேலே வந்தார். அவருக்குக் கன்னடமும் தெலுங்கும், எனக்கு இரண்டிலும் அரைகுறை. எப்படியோ ஓடியது. அவர் பிறந்ததே கடைவீதி மண்டபத்தில்தானாம். "பின்பக்கச் சுவர் நாங்கள் வைத்தது. முன்பக்கம் ராயர் வைத்தது" என்றார். யுகாதிக்கு முந்தின வாரம் தூண்களுக்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடிப்பார்களாம். அப்படி அடிக்கக் கூடாது என்று தொல்லியல் துறை ஆள் வந்து கத்துவாராம், அம்மாவின் மாமியார் அவருக்கு ஒப்பட்டு, அதாவது போளி, கொடுத்து உட்காரவைப்பாராம்.

"இப்போது அந்தப் பக்கம் போவதுண்டா அம்மா?"

"தேருக்குப் போவோம் சார். சித்திரைப் பௌர்ணமி. ஜனம் தாங்காது. கிராமத்துக்காரர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து மண்டபத்தில்தான் படுப்பார்கள். அன்றைக்கு யாரும் எழுப்ப மாட்டார்கள். நாங்களும் எங்கள் மண்டபத்திலேயே படுத்துக்கொள்வோம். தூணில் மீன் இருக்கும், நந்தியிலிருந்து வந்தால் இடதுகை."

பயஸ் சொன்ன தாழ்வாரம் வருஷத்துக்கு ஓர் இரவாவது பதிவேட்டுப்படி நடக்கிறது. பழக்கதோஷத்தில் தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். லாரி வரும், பத்து மணிக்குள் குடத்தை வைத்துவிட வேண்டும், அப்புறம் போனால் சேறுதான் என்றார். ஜெர்மன் பெண் மீன் தூணைத் தன் வரைபடத்தில் எங்கே குறிப்பது என்று அவரையே கேட்டுக்கொண்டிருந்தாள். புணே பையன் போனில் அடுத்த சித்திரைப் பௌர்ணமி என்ன கிழமை என்று தேடினான். வெள்ளிக்கிழமையாம், ஒரு நாள் லீவு போட்டால் போதும் என்றான்.